பெட்டியில் யார் பெயர்?

டயர் தேய்ந்துவிட்டால் கார் வைத்திருப்பவர் நேரே டயர் கடைக்குப் போகிறார். எம்.ஆர்.எஃப்., அப்பல்லோ, சியட் என்று விலை விசாரித்து, ஒன்றைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். பேட்டரி உட்கார்ந்துவிட்டால் எக்ஸைடா அமரானா என்று யோசிக்கிறார். இந்த இரண்டிலும் கார் கம்பெனியின் முத்திரை இல்லையே என்று யாரும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. அதே மனிதர், பிரேக் பேட் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொன்னதும் என் கவுன்டருக்கு வந்து கேட்கும் முதல் கேள்வி: “அக்கா, இது ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?”

திண்டுக்கல்லில் அப்பா தொடங்கிய ஸ்பேர் பார்ட்ஸ் கடையை இப்போது நான் நடத்துகிறேன். கார் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டு வருபவர்களுக்கும், பத்து வீடியோ பார்த்துவிட்டு வருபவர்களுக்கும் இந்தக் கேள்விதான் பொது. கேட்பதில் தவறில்லை. ஆனால் இந்தக் கேள்வி சந்தையை இரண்டாக வெட்டிவிடுகிறது. உண்மையில் சரக்கு நான்கு விதமாக வருகிறது. இந்த நான்கையும் பிரித்துத் தெரிந்துகொள்ளாததால் சிலர் தேவையில்லாமல் இரண்டு மடங்கு செலவு செய்கிறார்கள். சிலர் இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்க் குடும்பத்தோடு ஆபத்தில் உட்கார்ந்து பயணம் செய்கிறார்கள். எனக்கு இரண்டுமே மனதுக்குப் பொறுக்கவில்லை.

முதல் வகை, கார் கம்பெனியின் பெயர் போட்ட பெட்டியில் வருவது. இரண்டாவது, அந்தக் கார் கம்பெனிக்கே பாகத்தைச் செய்து கொடுக்கும் தொழிற்சாலை, தன் சொந்தப் பெயர் போட்ட பெட்டியில் கடைகளுக்கு அனுப்புவது. எங்கள் தொழிலில் இதை ஓ.இ. சரக்கு என்போம். மூன்றாவது, அந்தக் காருக்கு ஒருநாளும் சப்ளை செய்யாத, ஆனால் பெயரும் முகவரியும் உத்தரவாதமும் கொடுத்து விற்கும் நிறுவனங்களின் சரக்கு. நான்காவதை லோக்கல் என்றும் டூப்ளிகேட் என்றும் சொல்வார்கள். அதிலேயே இரண்டு உண்டு. ஒன்று பெயரே இல்லாதது, மற்றொன்று அடுத்தவர் பெயரைத் திருடி ஒட்டியது.

இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். பொதுமக்களுக்கு அது தெரியவே தெரியாது. அதுவும் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு அது தெரியாமல் இருப்பது பெரிய இழப்பு.

ஒரு காரில் ஆயிரக்கணக்கான பாகங்கள் இருக்கின்றன. கார் கம்பெனி அவற்றில் சிறு பகுதியைத்தான் தானே செய்கிறது. இன்ஜின், பாடித் தகடு, சில இடங்களில் கியர் பாக்ஸ். மற்றதெல்லாம் வெளியிலிருந்து வந்து அசெம்பிளி லைனில் ஏறுகிறது. அந்த வெளி என்பது பல நேரங்களில் சென்னையின் பாடி பகுதிதான். பிரேக்ஸ் இந்தியா 1962இல் அங்கேதான் தொடங்கியது. ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்யும் லூகாஸ் டி.வி.எஸ். 1961இல் அங்கே வந்தது. சக்கரம் செய்யும் வீல்ஸ் இந்தியாவும் அதே பாடி. 1929இல் மெட்ராஸில் தொடங்கிய ரானே குழுமம் ஸ்டியரிங் பாகங்களும் பிரேக் லைனிங்கும் வால்வும் செய்கிறது. இந்தியா பிஸ்டன்ஸ் 1949ஆம் ஆண்டுக் கம்பெனி. கோயம்புத்தூரில் பிரைக்கால் மீட்டர் செய்கிறது, ரூட்ஸ் ஹாரன் செய்கிறது. சுந்தரம் ஃபாஸனர்ஸ் செய்த ரேடியேட்டர் மூடி அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வரைக்கும் போனது. இவர்களில் பலர் கார் கம்பெனிக்கு லாரி லாரியாக அனுப்பிய பிறகு, அதே தொழில்நுட்பத்தில் செய்த சரக்கைத் தங்கள் பெயரில் என்னைப் போன்ற கடைகளுக்கும் தருகிறார்கள். ரானே என்று போட்ட டை ராட் எண்டையோ லூகாஸ் என்று போட்ட ஸ்டார்ட்டரையோ பார்த்து ஒருவர் “இது டூப்ளிகேட்தானே” என்று கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். சில கார்களுக்கு அவர்கள்தான் மூலம்.

அப்படியானால் கார் கம்பெனிப் பெட்டி ஏன் விலை கூடுதல்? அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். கம்பெனி ஒவ்வொரு லாட்டையும் தன் அளவுக்குச் சோதித்து வாங்குகிறது. பத்து ஆண்டு பழைய மாடலுக்கும் கண்ணாடிக் கைப்பிடி, கதவு ரப்பர் என்று கிடங்கில் அடுக்கி வைத்திருக்கிறது. பிறகு டீலர் லாபம், விளம்பரம், வாரண்டிக்கான ஒதுக்கீடு. இந்தச் செலவெல்லாம் பாகத்தின் தலையில்தான் ஏறும். ஆனால் விலை கூடியதற்கு இது மட்டுமே காரணம் இல்லை என்று இந்தியப் போட்டி ஆணையமே சொல்லியிருக்கிறது.

2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. மாருதி, டாடா, மஹிந்திரா, ஹோண்டா, டொயோட்டா, ஃபோர்டு என 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம். குற்றச்சாட்டு இதுதான்: பாகம் செய்யும் தொழிற்சாலைகள் அதே பாகத்தை வெளிச் சந்தையில் விற்கக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டுத் தடுத்திருந்தார்கள். கம்பெனிப் பாகங்களையும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் தங்கள் சர்வீஸ் சென்டர்களுக்கு வெளியே கிடைக்காமல் செய்திருந்தார்கள். ஓர் ஊரில் ஒருவரிடம் மட்டும்தான் பாகம் கிடைக்கும் என்றால் விலையை அவர்தானே வைப்பார்? அந்த வழக்கு மேல்முறையீடு, நீதிமன்றம் என்று ஆண்டுக்கணக்கில் நீண்டது. சில காருக்குச் சில பாகம் ஏன் கம்பெனிப் பெட்டியைத் தவிர வேறெதிலும் கிடைப்பதில்லை என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்த உத்தரவுக்குள்தான் இருக்கிறது. ஐரோப்பாவில் 2002லேயே இதற்கு விதி கொண்டுவந்தார்கள். பாகம் செய்பவர் அதன்மேல் தன் முத்திரையைப் போட்டுக்கொள்வதையும், வெளி மெக்கானிக்குகளுக்கு விற்பதையும் கார் கம்பெனி தடுக்க முடியாது என்று.

அதே 2014 உத்தரவில் வாரண்டி பற்றியும் ஒரு முக்கியமான வரி இருக்கிறது. காரை வெளி மெக்கானிக்கிடம் விட்டார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது. வெளியே பார்த்த தவறான வேலையால் சேதம் வந்தால் அந்தச் சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம். இருந்தாலும் நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வது, வாரண்டி இருக்கும்வரை கம்பெனி சர்வீஸ், கம்பெனிப் பாகம் என்றே போங்கள். உரிமை உங்கள் பக்கம் இருக்கலாம். இன்ஜின் பழுதோடு கார் மூன்று மாதம் நிற்கும்போது அதை நிரூபிக்க அலைவது நீங்கள்தான்.

வாரண்டி முடிந்த பிறகுதான் உண்மையான தேர்வு தொடங்குகிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கொடைக்கானல் மலை இருப்பதால் பிரேக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். மலையடிவாரத்து வத்தலக்குண்டு சமவெளி. ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள சிறு கார் மேலேயிருந்து கீழே இறங்கி வரும்போது ஏறத்தாழ 6 யூனிட் மின்சாரத்துக்கு இணையான ஆற்றலைக் கரைத்தாக வேண்டும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியை ஆறு மணி நேரம் சூடாகவே வைத்திருந்தால் வரும் வெப்பம் அது. சரியான கியரில் இறங்கினால் இன்ஜின் ஒரு பங்கைத் தாங்கும், எதிர்க்காற்று கொஞ்சம் தாங்கும். மிச்சமெல்லாம் உள்ளங்கை அகல பிரேக் பேட்களின் மேல்தான், அதிலும் பெரும்பகுதி முன் சக்கரங்களில்.

பிரேக் பேட் என்பது இரும்புத் தகட்டில் ஒட்டிய ஒரு கலவை. நார், உலோகத் தூள், கிராஃபைட், இவற்றையெல்லாம் பிடித்து வைக்கும் ரெசின். நல்ல தொழிற்சாலையில் இந்தக் கலவையை அழுத்தத்திலும் சூட்டிலும் வேக வைத்து, எத்தனை டிகிரியில் எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்து பார்க்கிறார்கள். மலிவுச் சரக்கில் ரெசின் சரியாக வெந்திருக்காது. சூடு ஏற ஏற அது வாயுவாகக் கசிந்து டிஸ்குக்கும் பேடுக்கும் நடுவே படலமாக நிற்கும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. இன்னும் மோசமானது, ஒட்டு விட்டுக் கலவை தகட்டிலிருந்து பெயர்ந்து வருவது. ஊருக்குள் ஓட்டும்போது இரண்டு பேடுக்கும் வித்தியாசமே தெரியாது. அதனால்தான் “நான் ஆறு மாசமா லோக்கல் பேட்லதான் ஓட்டுறேன், ஒண்ணும் ஆகல” என்று ஒருவர் சொல்லும்போது அதை நான் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. அவர் இன்னும் மலை ஏறியிருக்க மாட்டார்.

பிரேக் ஆயிலும் அப்படியே. டாட் 3 தர ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், டாட் 4க்கு 230. இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய பிறகு டாட் 3இன் கொதிநிலை 140 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி, பெடல் தரைவரை போகும். இதை லூசில் வாங்கி ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் கையைப் பிடித்து நிறுத்தத் தோன்றும். புது டப்பாவின் விலை ஒரு குடும்பம் ஹோட்டலில் சாப்பிடும் செலவுகூட வராது.

ஆகவே பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷனில் வரும் பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம், இவற்றுக்கு என் கடையில் கம்பெனிப் பெட்டி அல்லது செய்தவர் பெட்டி, இரண்டே தேர்வுதான். மூன்றாவது வகையை நான் எடுத்துக் காட்டுவதில்லை. டைமிங் பெல்ட்டும் இதே கணக்கு. ரெனோ டஸ்டர் டீசல், நிஸான் சன்னி டீசல், ஃபோர்டின் 1.5 டீசல் வைத்திருப்பவர்களுக்கு இன்ஜினில் செயின் கிடையாது, ரப்பர் பெல்ட்தான். ஓடும்போது அது அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து வால்வை இடிக்கும். இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். பெல்ட் மாற்றும்போது டென்ஷனர், ஐட்லர் பேரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். பெல்ட் நல்லதாக இருந்து பேரிங் இறுகினாலும் அறுந்து போவது பெல்ட்தான்.

ஆயில் ஃபில்டரில் மிச்சம் பிடிப்பதற்கு எதுவுமே இல்லை. பெரும்பாலான சிறு கார்களுக்கு நல்ல ஃபில்டரே சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தகர டப்பா. உள்ளே மடித்த காகிதத்தின் பரப்பு, அடைத்துக்கொண்டால் திறந்துவிடும் பைபாஸ் வால்வு, இன்ஜினை நிறுத்தியதும் ஆயில் கீழே வழிந்துவிடாமல் பிடிக்கும் ரப்பர் வால்வு, இவைதான் ஃபில்டர். அந்த ரப்பர் மட்டமாக இருந்தால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடி இன்ஜின் ஆயில் இல்லாமல் கடகடவென்று அடிக்கும். தினமும் அப்படி அடித்தால் என்ன ஆகும் என்று மெக்கானிக்கைக் கேளுங்கள்.

சரி, எங்கே தாராளமாக மூன்றாவது வகைக்குப் போகலாம்? வைப்பர் பிளேட், ஏ.சி. கேபின் ஃபில்டர், கதவுக் கைப்பிடி, மட் ஃப்ளாப், கண்ணாடியின் வெளி மூடி, பம்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மறைப்பு, ஹாரன். பல்பும் வாங்கலாம், ஆனால் வாட் அளவை மாற்றாதீர்கள். 60/55 வாட் போட வேண்டிய இடத்தில் 100/90 போட்டால் ஹோல்டர் உருகும், எதிரே வருபவர் கண் கூசும். இந்தப் பட்டியலில் உள்ள எது உடைந்தாலும் நீங்கள் எரிச்சலடைவீர்கள், அவ்வளவுதான். பம்பரும் ஃபெண்டரும் நடுவில் நிற்பவை. வெளிச் சரக்குப் பம்பர் கிளிப்பில் சரியாக உட்காராமல் ஒரு விரல் இடைவெளி காட்டும், பெயின்ட் செலவையும் சேர்த்தால் மிச்சம் என்று நினைத்தது மிஞ்சாது. முன் கண்ணாடியை மட்டும் அலங்காரமாக நினைக்க வேண்டாம். பல கார்களில் பக்கத்து சீட் ஏர்பேக் விரியும்போது அந்தக் கண்ணாடியில்தான் முட்டுக்கொடுத்து நிற்கிறது. மாருதிக்குக் கண்ணாடி கொடுக்கும் ஏ.ஐ.எஸ். போன்றவர்களே வெளியிலும் விற்கிறார்கள். மூலையில் பொறித்திருக்கும் பெயரையும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பார்த்து வாங்குங்கள்.

விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸில் வண்டியைச் சரிசெய்பவர்களுக்குத் தேர்வு வேறு மாதிரி சிக்கலாகிறது. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, டயர், ஏர்பேக் ஆகியவற்றின் விலையில் பாதியைத்தான் தருவார்கள். ஃபைபரில் 30 சதவீதம் பிடிப்பார்கள். கண்ணாடிக்குப் பிடித்தம் இல்லை. மற்ற பாகங்களுக்கு வண்டியின் வயது பார்த்து, 5 ஆண்டு தாண்டியிருந்தால் 40 சதவீதம், 10 ஆண்டு தாண்டியிருந்தால் 50 சதவீதம் கழிப்பார்கள். கம்பெனிப் பெட்டி பம்பரில் பாதி உங்கள் கையிலிருந்து போகும்போதுதான் “வெளியில வாங்கிப் போட்ருங்க” என்ற பேச்சு வருகிறது. இந்தப் பிடித்தம் இல்லாத ஜீரோ டெப் பாலிசிக்கு ஆண்டு பிரீமியம் கொஞ்சம் கூடும்; முதல் ஐந்து ஆண்டுக்காவது அதைப் போட்டு வைப்பவர்கள் இந்த நெருக்கடியில் மாட்டுவதில்லை. ஆனால் ஒன்று. பில்லில் கம்பெனிப் பாகம் என்று எழுதிவிட்டு வண்டியில் லோக்கல் பூட்டும் பழக்கம் சில ஷெட்களில் இருக்கிறது. டெலிவரி எடுக்கும்போது பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள், புதிய பாகத்தின் எண்ணைப் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கம்பெனியே ஊரை விட்டுப் போய்விட்ட கார்களை வைத்திருப்பவர்கள் என்னிடம் வரும்போது முகம் வாடியிருக்கும். செவர்லே 2017 முடிவோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பர் 9 அன்று உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மறைமலைநகரில் செய்த எக்கோஸ்போர்ட் இன்றும் நம் சாலைகளில் ஏராளமாக ஓடுகிறது. இவர்களுக்குத்தான் செய்தவர் பெட்டி பெரிய உதவி. கார் கம்பெனி போனாலும் பேரிங் செய்தவர், கிளட்ச் செய்தவர், ஃபில்டர் செய்தவர் எங்கும் போகவில்லை. ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபியட் புன்ட்டோ, லீனியாவில் இருந்த அதே குடும்பத்து இன்ஜின்தான் மாருதி ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸிலும், டாடா இண்டிகா விஸ்டாவிலும், செவர்லே செயிலிலும் ஓடியது. மாருதி 2020இல்தான் அதை நிறுத்தியது. எனவே செயிலுக்கு இன்ஜின் பாகம் கிடைக்காது என்று வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளுவதற்கு முன் ஒரு நல்ல கடையில் பாக எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். எல்லாம் அப்படியே பொருந்தாது. டர்போ, வயரிங், பொருத்தும் பிராக்கெட் மாறும். ஆனால் பொருந்துவது நிறைய. எந்தக் காராக இருந்தாலும் ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணைக் கையோடு கொண்டு வாருங்கள். ஒரே மாடலில் வருட நடுவில் பாகம் மாறியிருக்கும், “2016 மாடல்” என்பது மட்டும் போதாது.

பழைய பாகம் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். சென்னைப் புதுப்பேட்டையில் கதவு, சீட், சைடு மிரர், டேஷ்போர்டு பிளாஸ்டிக் எல்லாம் உண்மையான கம்பெனிப் பாகமாகவே கிடைக்கும். வாங்கலாம். சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் மட்டும் ஒருபோதும் வேண்டாம். ஒரு விபத்தில் ஆளைத் தாங்கிய பெல்ட்டின் நார் இழுபட்டிருக்கும். ஏர்பேக் கதை இன்னும் பெரியது.

ஜப்பானின் டகாட்டா நிறுவனம் உலகின் பல பெரிய கார் கம்பெனிகளுக்கு ஏர்பேக் கொடுத்தது. பையை விரிக்க அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தினார்கள். ஈரமும் வெப்பமும் கூடிய ஊர்களில் அந்த ரசாயனம் ஆண்டுகள் போகப் போகக் கெட்டு, விரிய வேண்டிய நேரத்தில் வெடித்து உலோகத் துண்டுகளை முகத்தில் வீசியது. பல நாடுகளில் ஆட்கள் இறந்தார்கள். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகளைத் திரும்பப் பெற உத்தரவு போனது. நிறுவனம் 2017இல் திவாலானது. இந்தியாவிலும் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இவை எல்லாமே கம்பெனி பொருத்திய, சந்தேகமே இல்லாத ஒரிஜினல் பாகங்கள்.

இதை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். ஒரிஜினல் என்பதால் ஒரு பாகம் பழுதில்லாதது ஆகிவிடாது. ஆனால் அதில் எண் இருந்தது, செய்தவர் பெயர் இருந்தது, எந்த வண்டியில் ஏறியது என்ற பதிவு இருந்தது. அதனால் தேடிப் பிடித்துக் கழற்ற முடிந்தது. ஆனால் 2012இல் போலி ஏர்பேக்குகள் பற்றி அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு எச்சரித்தபோது அவை எந்தெந்த வண்டிகளில் இருக்கின்றன என்று சொல்ல யாரிடமும் பதிவு இல்லை. கூடுதல் விலை கொடுக்கும்போது நாம் வாங்குவது பெரும்பாலும் இந்தப் பொறுப்பைத்தான். நாளை ஏதாவது நடந்தால் பதில் சொல்ல ஒரு பெயரும் முகவரியும். கார் கம்பெனிப் பெட்டியில் அது இருக்கிறது, செய்தவர் பெட்டியிலும் இருக்கிறது, மூன்றாவது வகையிலும் ஓரளவு இருக்கிறது. நான்காவதில் இல்லை.

திருட்டுப் பெயர்ச் சரக்கைக் கண்டுபிடிக்கச் சில வழிகள் சொல்கிறேன். பெட்டியில் செய்தவர் அல்லது பேக் செய்தவரின் முகவரி, தயாரித்த மாதம், ஆண்டு, எம்.ஆர்.பி., வாடிக்கையாளர் தொடர்பு எண் இருக்க வேண்டும். இது சட்டமுறை எடையளவு விதிகள் சொல்லும் கட்டாயம். ஹாலோகிராமோ சுரண்டிப் பார்க்கும் எண்ணோ இருந்தால் கடையிலேயே சுரண்டிச் சரிபாருங்கள். பழைய பாகத்தைக் கையில் வைத்து எடையை ஒப்பிடுங்கள். கம்பெனிப் பெட்டியை ஒருவர் பாதி விலைக்கு நீட்டினால் வாங்காதீர்கள். முக்கியமாக, பாகத்தைப் பூட்டியதும் காலிப் பெட்டியைக் கிழித்துப் போடுங்கள். நல்ல பெட்டிக்கு விலை கொடுத்து வாங்கிப் போய் உள்ளே வேறு சரக்கை வைத்து மறுபடி சந்தைக்கு அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். போலி முத்திரைச் சரக்கு விற்பது வணிகச் சின்னச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் பில் இல்லாமல் வாங்கியவருக்குப் புகாரை நிரூபிப்பது கடினம். 28 சதவீத வரிக்குப் பயந்து பில் வேண்டாம் என்றவர்களுக்கு ஒரு தகவல்: 2025 செப்டம்பர் 22 முதல் வாகனப் பாகங்களுக்கு ஒரே சீராக 18 சதவீதம்தான்.

கடைசியாக, இந்தத் தொழிலில் யாரும் வெளியே பேசாத ஒன்று. பாகத்தை நீங்கள் தேர்வு செய்வதாக நினைக்கிறீர்கள். பெரும்பாலும் தேர்வு செய்பவர் மெக்கானிக். லோக்கல் சரக்கில் எம்.ஆர்.பி. 900 என்று அச்சிட்டிருக்கும், கடையில் அது 350க்குக் கிடைக்கும். இடையில் நிற்பது அவருக்கு. நல்ல கம்பெனிச் சரக்கில் அவ்வளவு இடைவெளி கிடையாது. எந்தப் பெட்டியை எடுக்க அவருக்கு மனம் வரும்?

ஆனால் மெக்கானிக்குகளைக் குற்றம் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. எங்களிடம் வழக்கமாக வாங்கும் ஒருவர் ஒருநாள் என்னிடம் சொன்னார்: “பேட் மாத்த முந்நூறு ரூபா கேட்டா, நாலு போல்ட்டு கழட்டுறதுக்கா இவ்வளவுங்கிறாங்க அக்கா. பார்ட்ல நூறு எரநூறு நிக்கலேன்னா ஷெட்டு வாடகைய எப்படிக் கட்டுறது?” அவர் சொன்னது உண்மை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் லேபர் சார்ஜ் என்று ஆயிரக்கணக்கில் வரும் பில்லுக்குப் பேசாமல் கார்டை நீட்டுகிறோம். தெருமுனை ஷெட்டில் கிரீஸ் கையோடு நிற்பவரிடம் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். அந்த ஐம்பதை அவர் பிரேக் பேடில் எடுக்கிறார்.

நான் அவரிடம் ஒரு யோசனை சொன்னேன். கூலியைத் தனியாக எழுதிப் பலகையில் மாட்டுங்கள், பாகத்துக்கு என் கடைப் பில்லை அப்படியே வாடிக்கையாளரிடம் கொடுங்கள், மேலே ஒரு ரூபாய் வைக்காதீர்கள். தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். முன் பேட் மாற்ற இவ்வளவு, கிளட்ச் இறக்கி ஏற்ற இவ்வளவு என்று பழனி சாலையில் அவர் ஷெட்டில் இப்போது பலகை தொங்குகிறது. ஆரம்பத்தில் கூலியைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள் உண்டு. தங்கியவர்களுக்கு நான் எழுதும் பில்லில் பாகம் செய்தவர் பெயர், பாக எண், தயாரித்த மாதம், வண்டி எண், ஓடிய கிலோமீட்டர் எல்லாம் இருக்கும். கழற்றிய பழைய பாகத்தை அவர் ஒரு பாலிதீன் பையில் போட்டு வண்டியின் டிக்கியில் வைத்துவிடுகிறார். காலிப் பெட்டியை வாடிக்கையாளர் முன்னாலேயே கிழிக்கிறார்.